நோகாத முட்டிகள்

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இன்று ஆஸ்பத்திரியின் இந்தப் பயிற்சிக் கூடத்தில் இருப்பவர்கள்: வாசலில் மேசை போட்டுப் பேர் எழுதும் சகுபர்நிஷா, முட்டி, தோள், கழுத்து எல்லாம் பார்க்கும் ராஜபாண்டித் தம்பி, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் பெண்களை மட்டும் பார்க்கும் பெனிட்டா மேடம், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத டீக்கடைக்காரர், கழுத்தில் பட்டை போட்ட பஸ் டிரைவர், பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஒரு பெண், அவளுடைய கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் அவள் புருஷன், அவன் கையில் தூங்கும் பிள்ளை, நான் வரும்போது திரைக்குள் நுழைந்துகொண்டிருந்த நீலச்சேலைக்காரி ஒருத்தி, முதுகைத்தான் பார்த்தேன், அப்புறம் நான். பத்துப் பேர். கைப்பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதா என்று யாராவது கேட்பார்கள். நான் சேர்ப்பேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் சமைத்தவள், தலையை எண்ணாமல் ஒரு நாளும் உலையில் அரிசி போட்டதில்லை. அக்காவுடன் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் சின்னதுகளையும் சேர்த்துத்தான் எண்ணுவேன், அதுகளுக்கும் வயிறு இருக்கிறது. எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் கண் அதைத்தான் செய்கிறது. எண்ணி முடித்தால்தான் நெஞ்சு படபடப்பு அடங்கும். இன்று எண்ணி முடித்தும் அடங்கவில்லை. ஏனென்றால் இன்று நான் சொல்லிவிடுவது என்று வந்திருக்கிறேன். யாரிடம், எப்படி, எந்த வார்த்தையில் என்பதெல்லாம் பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்தாகிவிட்டது. வாயைத் திறக்க வேண்டியது மட்டும் பாக்கி.

என் இரண்டு முட்டிகள் மேலும் சூட்டுப் பை இருக்கிறது. ராஜபாண்டி சேலைக்கு மேலேயே வைத்து, அதன் மேல் ஒரு துண்டையும் போர்த்தி, "சூடு தாங்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான். தாங்குகிறது. தாங்காமல் என்ன, அந்த முட்டிகளுக்கு ஒன்றுமே இல்லை. இப்போது சொன்னாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பேன். கருங்கல் மாதிரி இரண்டு முட்டி. நோவு வேறு இடத்தில். மேலே மாடியில் இருக்கும் பெண் டாக்டர் என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மின்விசிறி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "கர்ப்பப்பை இறங்கியிருக்கும்மா, பாதி தூரம்தான். பயப்படாதீங்க. இப்பவே ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசம் பயிற்சி செஞ்சு பாப்போம். கீழ ஹால்ல பெனிட்டானு இருப்பாங்க, செவ்வாய்க்கிழமை வாங்க, அவங்க சொல்லித் தருவாங்க" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார். மிளகாய் எந்தக் கடையில் வாங்கலாம் என்று சொல்வது போல. நான் கீழே வந்தேன். சகுபர்நிஷா தலையை நிமிர்த்தாமல், "என்னம்மா, எங்க வலி?" என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நான்கு ஆண்கள். ஒருவர் கையில் செய்தித்தாள், ஆனால் படிக்கவில்லை, என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெனிட்டா என்ற பெயர் மனசில் இருக்கிறது, நாக்குக்கு வரவில்லை. கை தானாகக் கீழே போய் முட்டியைத் தொட்டது. "முட்டி" என்றேன். ஒரே சொல். அவள் எழுதிவிட்டாள். அவ்வளவுதான், நான் முட்டிக்காரி ஆகிவிட்டேன். இது ஆறாவது செவ்வாய். வாரா வாரம் வந்து நல்ல முட்டிகளுக்குச் சூடு போட்டுக்கொண்டு போகிறேன். மகன் கேட்டால், "பரவால்லப்பா, இப்பக் கொறஞ்சிருக்கு" என்கிறேன். அது ஒன்றுதான் பொய் இல்லாத பேச்சு. இல்லாத வலி கூடவா செய்யும்.

இருக்கிற வலியை வலி என்றும் சொல்ல முடியாது. முட்டை மேல் உட்கார்ந்திருப்பது போல. வேறு எப்படியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு உட்கார்ந்தால் அடியில் ஒரு முட்டை. தும்மினால் இறங்கும், இருமினால் இறங்கும், தண்ணீர்க் குடம் தூக்கினால் இறங்கும், மல்லாந்து படுத்தால் தானாக உள்ளே போய்விடும். குளிக்கும்போது கையால் ஒதுக்கிவிட்டு வருவேன். சத்துணவில் முட்டை எண்ணி எண்ணி, கடைசியில் ஒன்றை எனக்கே வைத்துவிட்டார்களா என்று ஒரு நாள் நினைத்துச் சிரித்தேன், தனியாகத்தான், சிரித்தபோதும் இறங்கியது. இருபத்திரண்டு வருஷம். நாற்பத்தொரு வயதில் சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது முதல் தடவை. உதவியாளர் அன்று லீவு. ஒருத்தியாக இறக்கினேன். உள்ளே எதுவோ அவிழ்ந்த மாதிரி இருந்தது, சேலை முடிச்சு அவிழ்ந்ததோ என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், முடிச்சு இருந்தது. பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பரிமாறினேன். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. செத்துப்போன புருஷனிடமும் அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை.

இந்த ஐந்து வாரமும் சும்மாவும் இருக்கவில்லை. இந்த நாற்காலியை ராஜபாண்டி காட்டவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன், திரையை ஒட்டின நாற்காலி. அந்தப் பக்கம் பெனிட்டா மேடம் மெல்லிசாகப் பேசுவார், சுவர்ப் பல்லி பேசுகிற மாதிரி, ஒன்றும் காதில் விழாது. ஆனால் எண்ணுவது மட்டும் விழும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விடுங்க." மறுபடி "ஒண்ணு, ரெண்டு." எண்ணிக்கை விழுந்தால் போதாதா எனக்கு. என்ன செய்யச் சொல்கிறார் என்பது யோசித்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த இடத்துக்கு என்று எனக்கு யாராவது எதாவது சொல்லித் தந்திருக்கிறார்களா என்றால், பிரசவத்தின்போது நர்சு சொன்னது ஒன்றுதான். முக்கு. நல்லா முக்கு. மூன்று பிள்ளைக்கும் அதே ஒரு சொல். அதனால் அவர் ஒன்று என்னும்போது நான் இந்தப் பக்கம் முக்கினேன். முகத்தில் காட்டாமல், டீக்கடைக்காரர் கயிற்றை இழுக்கும் கிரீச் கிரீச் சத்தத்தில் என் மூச்சை மறைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை முக்கி, விடும்போது விட்டேன். வீட்டிலும் காலை, மாலை செய்தேன். ஒரு நாள் விட்டதில்லை. அந்தப் பக்கம் படுத்திருக்கும் பெண்கள் சோம்பேறித்தனமாகச் செய்வார்கள், நான் சுத்தமாகச் செய்கிறேன், அவர்களுக்கு முன்னால் எனக்குக் குணமாகும் என்று உள்ளுக்குள் ஒரு போட்டி. ஆனால் போன வாரத்திலிருந்து முட்டை பெரிதாகிவிட்டது. நடக்கும்போதே தொடையில் இடறுகிறது. ராத்திரி படுத்தாலும் முழுசாக உள்ளே போவதில்லை. இன்னும் இறங்கினால் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னது கணக்காக நினைவிருக்கிறது. ஆபரேஷன் என்றால் மகன் கையெழுத்துப் போட வேண்டும். மகனிடம் எந்த உறுப்பின் பெயரைச் சொல்வேன். மருமகள் கேட்பாள். அவள் அம்மாவிடம் சொல்வாள். அதனால்தான் இன்று சொல்லிவிடுவது என்று வந்தேன்.

வந்த இடத்தில் முதலில் கண்ணில் பட்டது பிள்ளை பெற்ற அந்தப் பச்சை உடம்புக்காரி. மேசை முன்னால் நின்று சத்தமாகச் சொல்கிறாள்: "டெலிவரிக்கப்புறம் அடி எறங்குன மாதிரி இருக்குக்கா. தும்முனா யூரின் வந்துருது." டிரைவர் இருக்கிறார், டீக்கடைக்காரர் இருக்கிறார், ராஜபாண்டி இருக்கிறான். அவள் புருஷன் பக்கத்திலேயே நின்று, "சிரிச்சாலும் வருதுங்க" என்று ஞாபகப்படுத்துகிறான், ஏதோ ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயரைச் சேர்ப்பது போல. கூரை இடிந்து விழவில்லை. டிரைவர் கழுத்தைத் திருப்பக்கூட இல்லை, திருப்ப முடியாது. சகுபர்நிஷா, "உள்ள போங்க" என்றாள். அவ்வளவுதான். இரண்டு மாசம். நான் இருபத்திரண்டு வருஷம் கட்டிக்காத்ததை அவள் இரண்டு மாசத்தில், பத்து வினாடியில் மேசை மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள் மேல் வந்தது இரக்கமில்லை. எரிச்சல். அவள் கழுத்து மஞ்சள் கயிறு புதிது, கைப்பை தூக்க ஓர் ஆள், பிள்ளை தூக்கவும் அதே ஆள், வாயைத் திறந்தால் வார்த்தை வருகிறது. எனக்கு இதில் எது இருந்தது. எனக்கு மூத்தவன் பிறந்து பதினாறாம் நாள் இரண்டு குடம் தண்ணீர். குடத்தின் கழுத்தில் சுற்றியிருந்த கயிறு எந்த நிறம் என்றுகூடச் சொல்வேன்.

அப்போதுதான் திரைக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. சில்வர் தட்டு படிக்கட்டில் உருண்டு இறங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு, நிற்கும் என்று நினைக்கும்போது இன்னொரு படி. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இந்தச் சிரிப்பு. பவுன்தாயி. என் ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. நீலச்சேலை. அந்த முதுகை எனக்கு அடையாளம் தெரியாமல் போனது எப்படி, நாற்பத்திரண்டு வருஷமாக என் முன்னால் நடந்துபோகும் முதுகு. அந்த வீட்டில் நான் நுழையும்போது அவள் ஏற்கெனவே இருந்தாள், நல்ல அறை அவளிடம் இருந்தது, மாமியாரின் நல்ல வார்த்தையும் அவளிடம் இருந்தது. அவளுக்குப் பிரசவம் இரண்டு, இரண்டும் அம்மா வீட்டில். ஒவ்வொன்றுக்கும் மூன்று மாசம், கட்டிலை விட்டு இறங்காமல், நாட்டுக்கோழிச் சாறு, பூண்டுக் குழம்பு, வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டின வேட்டி. திரும்பி வரும்போது உரித்த பனங்கிழங்கு மாதிரி பளபளவென்று வருவாள். எனக்கு அம்மா இல்லை. மூன்றும் அங்கேயே, அதே வீட்டில், பதினாறாம் நாள் குடம். எனக்கு அடி இறங்கினபோது நான் ஒரு நிமிஷம்கூடக் கடவுளைத் திட்டவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அவள் கட்டிலில் படுத்த மூன்று மாசத்தை நான் தூக்கினேன், அதனால் இறங்கியது. அவளுக்கு இறங்காது. அந்தக் கணக்கு ஒன்றுதான் எனக்குத் தெம்பு. கல்யாண வீட்டில் அவள் வயிறு குலுங்கச் சிரிக்கும்போதெல்லாம் பார்ப்பேன், சிரி, உனக்கென்ன, உனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அவள் இங்கே என்ன செய்கிறாள். இடுப்பு வலியாக இருக்கும். பெண்களுக்கு இடுப்பு வலியும் உண்டே. இடுப்பாகவே இருக்கட்டும்.

"எத்தனை வருஷமா இருக்கும்மா?" என்றது பெனிட்டா மேடத்தின் மெல்லிசுக் குரல். "ஆங்?" என்றாள் பவுன்தாயி. அவளுக்கு இடது காது போய் வெகுநாள் ஆயிற்று. "எத்தனை வருஷமா எறங்கியிருக்குன்னு கேட்டேன்!" மேடம் சத்தம் போட்டார். ஐந்து வாரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெளிவாக விழுந்த முதல் வாக்கியம். "அதுவா, ஆச்சு இருவத்தஞ்சு வருஷம். எங்க கடைசி நாத்துனா கல்யாணத்துல மேடம், பந்தல்ல உக்காந்திருக்கேன், பொதுக்குன்னு எறங்கிருச்சு. எந்திரிச்சா சேலையோட விழுந்துரும்போல. பொண்ணும் மாப்ளையும் கால்ல விழ வந்தாங்க, உக்காந்த எடத்துலயே துன்னூறு பூசுனேன். சொந்தம் பூராம், பாரு ராங்கிக்காரி, மூத்த மருமக, ஒரு எல எடுத்தாளானு பேசிட்டுப் போச்சு." மறுபடி அந்தச் சிரிப்பு. எனக்குச் சூட்டுப் பை சட்டென்று ஆறிப்போன மாதிரி இருந்தது. அந்தக் கல்யாணம். எனக்குத் தெரியாதா அந்தக் கல்யாணம். நான் பாயாச வாளியோடு பந்திக்கும் அடுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தேன், இவள் அரக்குப் பட்டில் நாற்காலியை விட்டு அசையவில்லை, அந்தக் காட்சியை நான் இத்தனை வருஷமும் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறேன், நினைத்தால் இன்றும் வெடுக்கென்று கோபம் வரும். அந்தக் காட்சியில் அவள் முட்டை மேல் உட்கார்ந்திருந்தாளா. இருபத்தைந்து. எனக்கு இருபத்திரண்டு. இதிலும் எனக்கு மூத்தவள். கோழிச்சாறு குடித்தவளுக்கு எப்படி இறங்கும். மூன்று மாசம் படுத்தவளுக்கு இறங்குமென்றால் குடம் எதற்காகத் தூக்கினேன், அண்டா எதற்காகத் தூக்கினேன், யாரை நினைத்து இத்தனை நாள் பல்லைக் கடித்தேன். எனக்கென்று இருந்தது இந்த ஒன்று. வேண்டி வாங்கினதில்லை, யாருக்கும் காட்டினதில்லை, ஆனால் அவளிடம் இல்லாதது என்னிடம் இது ஒன்றுதான் என்று வைத்திருந்தேன். அதுவும் அவளிடம் இருக்கிறது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதற்குக் கட்டிலும் போட்டு, பக்கத்தில் ஓர் ஆளும் நின்று, அவளுக்காகச் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள்.

"மூச்சை அடக்காதீங்கம்மா. ஒண்ணுக்குப் போறப்ப பாதியில நிறுத்துவீங்கள்ல, அதே மாதிரி உள்ள இழுங்க. இழுத்து மேல தூக்குங்க. மேல!" "தூக்குறேன், தூக்குறேன்." "இல்ல, நீங்க முக்குறீங்க. முக்கக் கூடாது." "ஆங்?" "முக்கக் கூடாது! முக்குனா இன்னும் கீழ எறங்கும்!" "அட, முக்கக் கூடாதா? நல்லாருக்கே! புள்ள பெத்தன்னைக்கு முக்கலன்னு தொடையில அடிச்சாங்க, இன்னைக்கு முக்குனா வையிறீங்க." அந்தப் பச்சை உடம்புக்காரியும் சேர்ந்து சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. ஐந்து வாரம். காலை, மாலை. ஒரு நாள் விடாமல், சுத்தமாக, அவர்களைவிட நன்றாக. என் கையாலேயே இறக்கியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணிக்கை பிசகாமல். எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்த புத்தியை என்ன சொல்வது. உள்ளே என்றால் உள்ளே எங்கே. இழுத்துப் பார்த்தேன். வயிறு போனது, தொடை இறுகியது, தோள் ஏறியது, அந்த இடம் மட்டும் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. விளக்கை அணைத்த அறையில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. அந்தப் பக்கம் மேடம், "ஆ, இதுதான்! பிடிச்சிட்டீங்க! சூப்பர்மா!" என்கிறார். பவுன்தாயி பிடித்துவிட்டாள். முதல் நாளே. ஒரே முயற்சியில். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. சாகிற வயதிலா இப்படி எரியும். எரிகிறதே.

பச்சை உடம்புக்காரி வெளியே வந்தாள். புருஷன் பிள்ளையை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டான், பையையும் கழற்றவில்லை. மூன்று பேர் போனார்கள். டிரைவரின் கழுத்துப் பட்டையை ராஜபாண்டி இறுக்கிவிட்டு அனுப்பினான், நான்கு. டீக்கடைக்காரர் மட்டும் சுவரில் மாட்டின கப்பியில் கயிற்றை இழுக்கிறார், கிரீச், கிரீச். ராஜபாண்டி என்னிடம் வந்து பையை எடுத்தான். முட்டியை மடக்கச் சொன்னான், மடக்கினேன். நீட்டச் சொன்னான், நீட்டினேன். சிரித்தான். "அம்மா, என் முட்டியவிட உங்க முட்டி நல்லாருக்கு. இனிமே அலைய வேண்டாம். அடுத்த வாரத்துல இருந்து வர வேண்டியதில்ல." நல்ல பிள்ளை. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். எனக்கு வீட்டுக் கதவை யாரோ உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது. இனி செவ்வாய்க்கிழமை என்ன சொல்லிக் கிளம்புவேன். முட்டியும் கைவிட்டுவிட்டது. எழுந்தேன். முட்டை இறங்கியது. வாசல் பத்தடி, திரை இரண்டடி. வாசலைப் பார்த்துத்தான் நின்றேன். பவுன்தாயி உள்ளே இல்லாவிட்டால் திரைக்குப் போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன், பஸ்ஸில் அடுக்கின வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. அவள் முன்னால் எப்படிச் சொல்வேன். நாளைக்குள் பேரன் பேத்திவரை தெரியும். அதைவிட, அவளுக்குத் தெரியும்.

மேடம் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரையை விலக்கினார். விலக்கின இடைவெளியில் பவுன்தாயி, மல்லாந்து, முட்டி இரண்டையும் மடக்கி, தலையணை இல்லாமல் தலையை மட்டும் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள். "ஏ சீனி! நீ எங்கடி இங்க?" நான் முட்டியைத் தொட்டேன். கைக்குப் பழகிவிட்டது. "முட்டியா? உனக்கா?" என்றாள், நம்பாமல். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, நான் அங்கே இல்லாதது போல, "எங்க கொழுந்தன் பொண்டாட்டி மேடம், சீனியம்மா. இவளப் பாருங்க, எனக்கு நாலு வயசுதான் எளையவ. எரநூறு புள்ளைக்குச் சோறு வடிச்சவ, அண்டாவ ஒத்தையா எறக்குவா. இடுப்புல சாவியச் சொருகிக்கிட்டுக் காலைல எட்டு மணிக்கு விடுவிடுன்னு கெளம்பிப் போவா. நான் இந்தச் சனியன வச்சுக்கிட்டு எந்திரிக்க முடியாம ஜன்னல்ல உக்காந்து பாப்பேன். வயிறு எரியும். உண்மையச் சொல்றேன், பத்தி எரியும். ஆண்டவன் இவளுக்கு மட்டும் இரும்புல செஞ்சு அனுப்பிட்டான்னு எத்தன நாள் மாமியாகிட்ட சொல்லியிருக்கேன், கேளுங்க" என்றாள்.

யாரைப் பார்த்து எரிந்தாள். என்னையா. ஜன்னலில் உட்கார்ந்தவள் நடந்துபோனவளைப் பார்த்தா. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், உனக்கென்ன, உட்கார்ந்திரு என்று. அப்படியானால் நாற்பது வருஷம் ஒரே தெருவில் இரண்டு அடுப்பு எதிரெதிராக எரிந்திருக்கிறது. எனக்கு உடனே வந்தது என்ன என்றால், ருசி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ருசித்தது. வெல்லப்பாகு நாக்கில் படுகிற மாதிரி. பவுன்தாயி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இப்போதும் படுகிறாள், படுத்துக்கொண்டு, அந்த வட்டமான கண்ணால் நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் படுகிறாள். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன். ஆமாம் அக்கா, முட்டிதான், அதுவும் சரியாகிவிட்டது, தம்பி வர வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தால் போதும், விடுவிடு என்று. சாகும்வரை நான் இரும்பு. அவள் வாயாலேயே ஊர் முழுக்க இரும்பு. இத்தனை வருஷம் ஏங்கினது கையில் வந்து விழுந்திருக்கிறது, அதை வைத்துக்கொள்ள ஒன்றுமே செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும், எனக்கு அது தெரியும், பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. நிமிர்ந்து நின்றதில் முட்டை இன்னும் இறங்கியது. தொடையில் உரசியது. இதற்குமேல் இறங்க இடம் இல்லை என்று உடம்பு சொன்னது. அவள் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, அந்தப் பச்சை உடம்புக்காரி படுத்த சுருக்கம்கூட விரிப்பில் போகவில்லை. இரும்பாக நடந்துபோய் வீட்டில் எங்கே உட்காருவேன்.

"எனக்கும்தான்க்கா" என்றேன்.

"ஆங்?"

"எனக்கும்தான்."

"என்னடி எனக்கும்? வாயத் தொறந்து சொல்லு, அந்தக் காது கேக்காதுன்னு தெரியாதா?"

"எனக்கும் அடி எறங்கியிருக்குக்கா! இருவத்திரெண்டு வருஷமா! முட்டியெல்லாம் ஒண்ணுமில்ல!"

கயிற்றுச் சத்தம் நின்றது. சகுபர்நிஷா எழுதுவதை நிறுத்தினாள். ராஜபாண்டி துண்டை மடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். என் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது, இரண்டு பந்தி தாண்டி வாளி கேட்கும் குரல் அது, இன்னும் இருந்திருக்கிறது. கூரையைப் பார்த்தேன். இருந்தது. பிறகு மறுபடி கிரீச், கிரீச். டீக்கடைக்காரர் தன் கையைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். பவுன்தாயி மட்டும் என்னை வெறித்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அந்தப் பொறாமை வடிவதை நான் கண்ணால் பார்த்தேன், சோறு வடிக்கும்போது கஞ்சி போவது போல நிதானமாக, கடைசிச் சொட்டுவரை. போய்விட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவள் சொன்னது இது ஒன்றுதான்: "அடப் பாவி. அண்டாவோடவா?"

மேடம் என்னைப் படுக்க வைத்தார். முட்டியை மடக்கச் சொன்னார், அதில் நான் கெட்டிக்காரி. இத்தனை நாள் முக்கினதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நிறுத்திட்டீங்கள்ல, அது போதும். மறுபடி டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வருவோம், நானே கூட வர்றேன்" என்றார். என் வயிற்றின் மேல் கையை வைத்து, இது அசையக் கூடாது, தொடை இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் கழித்த பிறகு, உள்ளே வெகு ஆழத்தில், நூல் மாதிரி ஒன்று மேலே போனது. போனதா, போனதாக நான் நினைத்தேனா. "அதேதான்" என்றார். "அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க, விடுங்க. மொத்தம் பத்து தடவை. நான் மேல டாக்டர் இருக்காங்களானு பாத்துட்டு வந்துடுறேன்." அவர் போனதும் பக்கத்துக் கட்டிலிலிருந்து பவுன்தாயி, "நீ புடி, நான் எண்ணுறேன்" என்றாள். எனக்காக வேறொருவர் எண்ணுவது இதுதான் முதல் தடவை. நம்பிக்கையில்லை. ரேஷனில் வாங்கின சர்க்கரையையே கணக்கில்லாமல் கொட்டுகிறவள். ஆனாலும் இழுக்கும்போது என்னால் எண்ண முடியவில்லை, நூல் அறுந்துவிடுகிறது. விடும்போது மட்டும் மனசுக்குள் ஒரு விரலை மடக்கிக்கொண்டேன். ஒன்று. அவள் நன்றாகத்தான் எண்ணினாள், கூரையைப் பார்த்து, ராகம் போட்டு. மூன்றாவதில் நூல் கொஞ்சம் கெட்டியானது. நான்காவதில் காணாமல் போய்த் திரும்பி வந்தது. "நான் இன்னைக்குப் பத்தும் முடிச்சிட்டேன், தெரியும்ல" என்றாள் இடையில். தெரியும். அதனால்தான் ஐந்தாவதை விடாமல் பிடித்தேன், ஆறாவதை இன்னும் அழுத்தி. ஏழாவதில் நெற்றி வேர்த்தது, முட்டை ஒரு மயிரிழை மேலே போனது, இது பொய்யில்லை. ஏழாவதை விட்டதும், "எட்டு" என்றாள் பவுன்தாயி. "போதும்டி, மூஞ்சி செவந்து போச்சு. இன்னும் ரெண்டுதான், தள்ளுபடி பண்ணிரு, மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் அவள் நல்ல காதின் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"நீ ஒண்ணு தாண்டிட்டக்கா. முடிஞ்சது ஏழு" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பாக்கி மூணு."